கரையான்சாவடி நோட்டீஸ்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்பத்தூரிலிருந்து பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். தீபாவளி கழிந்து சில வாரம் பொறுத்து உன் காட்டுப்பாக்கம் வீட்டு வாசலில் வந்து படுத்த லாப்ரடாரை மருந்து போட்டுத் தேற்றியிருக்கிறாய். இப்போது கரையான்சாவடி டீக்கடைச் சுவரில், தீபாவளி ராத்திரி வெடிக்கு மிரண்டு ஓடிவிட்டதாக அதே நாயின் படத்தோடு நோட்டீஸ். "கொடுக்க மனசு வரலை பெரியப்பா, வச்சுக்கிட்டா பாவமா?" என்று கேட்கிறாய்.

பாவ புண்ணியம் இருக்கட்டும். எலும்பு தெரிய இளைத்திருந்தது, உடம்பெல்லாம் உண்ணி என்கிறாயே, அதை வைத்து வளர்த்தவரைக் குற்றம் சொல்லாதே. வீட்டுச் சோறு தின்ற நாய் சில வாரம் தெருவில் அலைந்தாலே அந்தக் கோலத்துக்கு வந்துவிடும். 2005-இல் அமெரிக்காவில் கத்ரீனா புயலுக்குப் பிறகு இதேதான் நடந்தது. மீட்கப்பட்ட நாய்களின் நிலையைப் பார்த்து, வளர்த்தவர்களுக்கு அக்கறையே இல்லை என்று சிலர் முடிவு கட்டி, வேறு வீடுகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். வீடு வாசல் இழந்த சொந்தக்காரர்கள் தேடி வந்தபோது, கொடுக்க மாட்டோம் என்று சொல்ல, விவகாரம் கோர்ட் வரைக்கும் போனது.

ஆனால் நீ அனுப்பிய நகத்தின் படம் வேறு கதை சொல்கிறது. முன்னங்காலின் உட்பக்கம் மேலே தள்ளி இருக்கிற நகம் அது. தரையில் படாது, தானாகத் தேயாது. யாராவது வெட்டிவிட்டால்தான் உண்டு. அது வளையமாகச் சுருண்டு சதைக்குள் இறங்கப் பல மாதம் ஆகும். கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத தழும்பும் சில வாரத்தில் வந்ததில்லை. பட்டை இறுகுவதை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

யார் அந்த 'யாரும்' என்பதுதான் தெரிய வேண்டும். நம் பக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டும்போது காவலுக்கென்று ஒரு குட்டியைக் கட்டிப்போடுவார்கள். பிறகு மகன் ஷிப்ட் வேலைக்கு ஓடுவான், நாய் அம்மாவின் பொறுப்பாகும். குனிந்து நகம் வெட்ட முடியாத கிழவியாக இருக்கலாம். பட்டினி போட்டு அடிக்கிறவனாகவும் இருக்கலாம். எப்படியும், ஒருவர் நோட்டீஸ் அடித்து ஒட்டித் தேடுகிறார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி நாய் ஒரு சொத்து. உரியவர் யாரென்று தெரிந்த பிறகும் நமக்கென்று வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவில் குற்றமாகலாம். தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷம் வரை. வதைத்தவரைக் கேட்பதற்கு 1960-இன் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நம் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதால் வந்தது. எந்நேரமும் கட்டியே போட்டு நடக்கவிடாமல் வைப்பதும், சோறு தண்ணீர் வைக்காததும் அதில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இன்றைக்கு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு! ஆனாலும் 29-ஆம் பிரிவு உருப்படியானது. குற்றம் நிரூபணமாகி, திரும்பவும் வதை நடக்கும் என்று தெரிந்தால், நாயை அவரிடமிருந்து கோர்ட்டே எடுத்துவிடலாம்.

ஆகவே ஒளித்து வைக்காதே. அவசரப்பட்டு டீக்கடை வாசலில் கயிற்றை நீட்டிவிட்டும் வராதே. முதலில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய், நகமும் கழுத்தும் இருக்கிற நிலையைத் தேதி போட்டு எழுதி வாங்கு. தோலுக்கடியில் அடையாளச் சிப் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. அங்கே 2025-இல் லைசென்ஸும் சிப்பும் கட்டாயமாகிவிட்டன; நாய் இந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்திருந்தால் சிப் இருக்கக்கூடும். உன் பெயரில் சிப் போட்டு முந்திக்கொள்ளலாம் என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராமே, அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

பிறகு நோட்டீஸ் ஒட்டியவர் வீட்டுக்கே போவோம். எங்கே கட்டுகிறார்கள், சங்கிலி எவ்வளவு நீளம், தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து கிடக்கிறதா, தடுப்பூசிச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். சண்டைக்குப் போகிற மாதிரி பேசாதே. "எங்க வீட்ல நல்லா ஒட்டிக்கிச்சு, எங்களுக்கே கொடுத்துடுங்களேன்" என்று கேள். பார்த்துக்கொள்ள முடியாமல் வைத்திருப்பவர்களில் பலர் இதைக் கேட்டதும் நிம்மதியாகத் தலையாட்டிவிடுவார்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள். தர மாட்டேன் என்று சொல்பவர் உண்மையில் தவித்திருந்தால், நகம் வெட்ட, நடத்திக் கூட்டிப்போக ஓர் ஏற்பாடு சொல்லி, நாயைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அடிக்கிறவர் என்று தெரிந்தால் கொடுக்காதே; டாக்டர் சீட்டோடு அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடு. பிராணி நல அமைப்பான வேளச்சேரி புளூ கிராஸிலும் யோசனை கேட்கலாம்.

உன் குழந்தை நாய்க்குப் பெயர் வைத்துவிட்டாள் என்கிறாய். நாய் திரும்பிப் போகவும் கூடும் என்று இப்போதே அவளிடம் சொல்லி வை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வருகிறேன். அதுவரை காத்திருக்காமல் இன்றைக்கே நோட்டீஸில் உள்ள நம்பருக்கு ஒரு போன் போட்டு, "உங்க நாய் பத்திரமா இருக்கு" என்று மட்டுமாவது சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் பெரியப்பா