ஓடாத வண்டியும் ஓயாத வரியும்

நம் கிராமங்களில் எந்தத் தெருவில் நடந்தாலும், களத்து ஓரத்திலோ, மாட்டுக் கொட்டகைக்குப் பின்புறத்திலோ, வேப்ப மரத்தடியிலோ ஒரு பழைய வண்டி நின்றுகொண்டிருப்பதைக் காண்கிறோம். சக்கரங்களில் காற்று இறங்கிப் போயிருக்கும். கூண்டுக்குள் கோழிகள் அடைந்திருக்கும். ஒரு காலத்தில் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் சென்ற சரக்கு வான் அது. “ஓடாத வண்டிதானே, அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று வீட்டார் நினைக்கின்றனர். ஆனால், வண்டி நின்றுவிட்டாலும் அதன் பேரில் உள்ள வரி நிற்பதில்லை. அறிவிப்புக் கடிதம் வந்து சேரும் நாளில்தான் பலருக்கு இவ்வுண்மை தெரிய வருகிறது. அதற்குள் பாக்கி, வண்டியின் விலையையே எட்டிவிடுவதும் உண்டு. இந்த நஷ்டம் முற்றிலும் தவிர்க்கக் கூடியது. தவிர்க்கும் வழியையும், பாக்கி சேர்ந்துவிட்டால் தீர்க்கும் வழியையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வரி எதன் மீது?

வாகன வரி விதிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உரியது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57-ஆவது இனம், சாலையில் ஓடுவதற்குத் தகுதியான வாகனங்களின் மீது வரி விதிக்க இடந்தருகிறது. நம் மாநிலத்தில் 1974-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டத்தின்படி இவ்வரி வாங்கப்படுகிறது. சாலையில் பயன்படுத்தப்படும் வாகனத்துக்கு மட்டுமன்றி, பயன்படுத்துவதற்காக வைத்திருக்கும் வாகனத்துக்கும் வரி உண்டு என்பது இச்சட்டத்தின் அடிப்படை. “பயன்படுத்துவதற்காக வைத்திருத்தல்” என்னும் இச்சொற்களை உழவர் பெருமக்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும்.

வண்டி கொட்டகையில் நின்றது என்று உரிமையாளர் சொல்வார். ஆனால் அது ஓடுவதற்காகக் காத்து நின்றதா, ஓடாமலே கிடந்ததா என்பதை அலுவலகம் எப்படி அறியும்? பதிவுச் சான்று நடப்பில் இருக்கிறது என்றால், வண்டி ஓட்டத்துக்கு உரியது என்றே பொதுவாகக் கொள்ளப்படும். கேரளத்துத் தேயிலைத் தோட்ட வண்டிகள் பற்றிய வழக்கு ஒன்றில் 1980-இல் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை ஆராய்ந்தது. பின்னர் 2025 ஆகஸ்டில், விசாகப்பட்டினம் எஃகு ஆலையின் மதிலுக்குள்ளேயே இயங்கிய வண்டிகளைப் பற்றிய வழக்கில், பொது இடத்தில் ஓடாத, ஓட்டுவதற்காக வைத்திராத வண்டிக்கு வரி இல்லை என்று அந்நீதிமன்றமே கூறியது. சாலையின் பயனைப் பெறுவதற்காகவே வரி என்பது இதன் உட்பொருள். எனினும், மதிலும் காவலும் உடைய ஆலைக்கும், தெருவை ஒட்டிய நம் களத்துக்கும் வேறுபாடு உண்டு. சாலையில் ஓடவில்லை என்பதைக் காட்டும் பொறுப்பு உரிமையாளரையே சாரும்.

எந்த வண்டிக்கு எந்த வரி?

சொந்த உபயோகத்துக்கான காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நம் மாநிலத்தில் பதிவின்போதே வாழ்நாள் வரி கட்டப்பட்டுவிடுகிறது. ஆகவே, வாழ்நாள் வரி கட்டிய கார் வீட்டில் நின்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரி ஏறுவதில்லை. ஆனால் அத்தகைய வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் ஓட்ட விரும்பினால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் கட்ட வேண்டும்.

லாரி, சரக்கு வான், வாடகை வாகனம் முதலியவற்றின் நிலை வேறு. இவற்றுள் பலவற்றுக்குக் காலாண்டுதோறும் வரி கட்டி வர வேண்டும். வாடகைக்கு ஓட்டலாம் என்று கடன் வாங்கி வாங்கப்பட்டு, தொழில் நடக்காமல் நின்றுபோன வண்டிகளே பாக்கியில் மிகுதியாகச் சிக்குகின்றன.

ஒரு சிறு கணக்கு

ஓர் உழவரிடம் உள்ள சரக்கு வானுக்குக் காலாண்டு வரி 1,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். எஞ்சின் பழுதானதால் வண்டியை நிறுத்திவிட்டார். அலுவலகத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. ஓர் ஆண்டுக்கு 4 காலாண்டு வீதம் மூன்று ஆண்டுகளில் 12 காலாண்டுகள் கடந்துவிட்டன. வரி மட்டும் 12,000 ரூபாய். உரிய காலத்தில் கட்டாததற்கான அபராதம் தனி. இதே உழவர் வண்டியை நிறுத்தியபோதே முறைப்படி அறிவித்திருந்தால், நிறுத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்ட காலத்துக்கு இப்பணம் முழுவதும் மிஞ்சியிருக்கும். ஒரு மனு எழுதாத குறைக்கு ஒரு கறவை ஆட்டின் விலையைக் கொடுப்பது அறிவுடைமை ஆகுமா?

நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை

வண்டியைச் சில மாதங்களுக்கு ஓட்டப் போவதில்லை என்று முடிவு செய்தவுடன், அடுத்த காலாண்டு பிறக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். நிறுத்திய பிறகு அறிவிப்பதை விட, நிறுத்துவதற்கு முன் அறிவிப்பதே வலுவுடையது. அண்டை மாநிலமான கேரளத்தில் இதற்கென்றே ‘ஜி’ படிவம் வழக்கில் உள்ளது. நம் பகுதி அலுவலகத்தில் இதற்குரிய படிவத்தைக் கேட்டு வாங்கி நிரப்புவதே முறை.

மனுவில் வண்டியின் பதிவு எண், நிறுத்தும் தேதி, நிறுத்துவதற்குக் காரணம், எத்தனை காலத்துக்கு என்பது, வண்டி நிற்கும் இடத்தின் முழு விலாசம் ஆகியவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். அதுவரை உள்ள வரி கட்டப்பட்டிருக்க வேண்டும். கேட்கும் ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும். மனுவைக் கொடுத்ததற்கு அத்தாட்சி பெறாமல் வீடு திரும்பக் கூடாது. தபாலில் அனுப்பினால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

அலுவலர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்வையிடலாம். எழுதிக் கொடுத்த இடத்தில் வண்டி இருக்க வேண்டும். “ஒரு நாள் மட்டும் நெல் ஏற்றிச் சென்றோம்” என்று ஓட்டிவிட்டால், அறிவிப்பின் பயன் முழுவதும் கெட்டுவிடும். வண்டியைத் தெருவில் நிறுத்துவதும் தகாது. தெரு பொது இடமாதலால் அதனைச் சொந்த இடத்தில் நிறுத்துவதே தக்கது. நிறுத்தக் காலம் முடியும் முன், நீட்டிப்புத் தேவையானால் மறுபடியும் அறிவிக்க வேண்டும். மீண்டும் சாலையில் இறக்குவதற்கு முன் வரி, காப்புறுதி, தகுதிச் சான்று (எஃப்.சி.) மூன்றும் நடப்பில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

பாக்கி சேர்ந்துவிட்டால்

முதற்கண், பயந்து ஒளிவதால் பயன் இல்லை. இவ்வரிப் பாக்கி நில வருவாய்ப் பாக்கியைப் போலவே வசூலிக்கத் தக்கது. அஃதாவது, விஷயம் போக்குவரத்து அலுவலகத்தோடு நின்றுவிடாமல், வருவாய்த் துறையின் மூலம் ஜப்தி வரை செல்லக் கூடும். துருப்பிடித்த வண்டிக்காக நல்ல சொத்துக்கு ஆபத்து வரவிடலாமா?

இரண்டாவதாக, உண்மையான தொகையை அறிய வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொண்டு வரி எதுவரை கட்டப்பட்டுள்ளது என்று பார்க்கலாம். இணைய வசதி இல்லாதவர் இ-சேவை மையத்தின் உதவியை நாடலாம். அபராதம் கட்டச் சொல்லிக் கைப்பேசிக்கு வரும் செய்திகள் எல்லாம் மெய்யானவை அல்ல. அவற்றில் உள்ள இணைப்பைத் தொட்டுப் பணம் இழந்தவர்கள் உண்டு. தொகையை அரசுத் தளத்திலோ அலுவலகத்திலோ நேரில் சரிபார்த்த பின்னரே பணம் செலுத்த வேண்டும்.

மூன்றாவதாக, வண்டி ஓடவில்லை என்பதற்கு உள்ள சான்றுகளைத் தொகுக்க வேண்டும். பட்டறையின் ரசீது, தகுதிச் சான்று முடிந்த தேதி, காப்புறுதி முடிந்த தேதி, பெர்மிட் ஒப்படைத்த கடிதம் முதலியவை துணை செய்யும். இவற்றுடன் அலுவலருக்கு மரியாதையுடன் மனு எழுதலாம். இவை முன்னறிவிப்புக்கு ஈடாக மாட்டா. ஆயினும் சான்றோடு கேட்பவனின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆணை பாதகமாக வந்தால், அதில் குறித்த காலத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். அக்காலம் கடந்தால் நியாயமான வழக்கும் வலுவிழக்கும்.

நான்காவதாக, மேலும் வளரும் பாக்கியை அன்றே நிறுத்த வேண்டும். பழைய தொகைக்கு வழக்காடிக்கொண்டே புதிய காலாண்டுகளை ஏறவிடுவது, வாய்க்கால் உடைப்பை அடைக்காமல் ஏற்றம் இறைப்பதற்கு ஒப்பாகும்.

விற்ற வண்டியின் வரி

“வண்டியை எப்பொழுதோ விற்றுவிட்டேனே! எனக்கு ஏன் கடிதம்?” என்று கேட்பவர் பலர். கையில் பணத்தை வாங்கிக்கொண்டு, வெறும் காகிதத்தில் கையொப்பம் இட்டுக் கொடுத்ததுடன் விற்பனை முடிந்துவிடாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரையே சட்டம் தேடி வரும். வரி மட்டுமன்று, விபத்து நேர்ந்தாலும் நட்ட ஈட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்கே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பெயர் மாறிவிட்டதைக் கண்ணால் பார்க்கும் வரை விற்றவருக்கு நிம்மதி இல்லை என்றே கொள்ள வேண்டும்.

உரிமையாளர் காலமானால்

இது மிகவும் பரிவோடு கவனிக்க வேண்டிய விஷயம். வண்டி வைத்திருந்த குடும்பத் தலைவர் காலமாகிறார். துக்கத்தில் இருக்கும் மனைவிக்கு வண்டியின் நினைவே வருவதில்லை. வண்டி வாசலில் நிற்கிறது, வரியும் ஏறுகிறது. இரண்டு ஆண்டு கழித்து அதை விற்கப் போகும்போது, பாக்கியைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்.

விதி இவர்களுக்கு வழி காட்டியிருக்கிறது. இறந்த 30 நாட்களுக்குள் பதிவு அலுவலருக்குத் தெரிவித்தால், வாரிசுதாரர் மூன்று மாதம் வரை அவ்வண்டியைப் பயன்படுத்தலாம். அந்த மூன்று மாதத்துக்குள் 31-ஆம் எண் படிவத்தில் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றுக்கு அலையும்போதே இந்த மனுவையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம். துக்கம் விசாரிக்கச் செல்லும் பஞ்சாயத்து உறுப்பினர், சில நாள் கழித்து இதை எடுத்துச் சொன்னால் அக்குடும்பத்துக்கு அது பேருதவியாகும்.

இனி ஓடவே ஓடாத வண்டி

தீயிலோ வெள்ளத்திலோ அழிந்த வண்டிக்கும், சீர்செய்ய இயலாத வண்டிக்கும் தற்காலிக நிறுத்தம் பொருந்தாது. பதிவையே ரத்துச் செய்ய வேண்டும். 55-ஆவது பிரிவின்படி, இந்நிலை ஏற்பட்ட 14 நாட்களுக்குள் அல்லது கூடிய விரைவில் பதிவு அலுவலருக்கு அறிவித்து, பதிவுச் சான்றை அனுப்ப வேண்டும்.

பலர் வண்டியைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுகின்றனர். இரும்பு உருகிவிடும், பதிவேட்டில் வண்டி உயிரோடு இருக்கும், வரியும் ஏறிக்கொண்டே இருக்கும். 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவு பெற்ற வாகனச் சிதைப்பு நிலையங்களில் ஒப்படைத்தால், அதற்குச் சான்று தருவார்கள். அச்சான்றே உரிமையாளருக்குப் பாதுகாப்பு. ஒப்படைக்கும் முன், வங்கிக் கடன் பதிவையும் வரிப் பாக்கியையும் தீர்த்துக்கொள்வது நலம்.

பஞ்சாயத்தின் கடமை

பிறருக்கு அறிவுரை கூறும் முன், பஞ்சாயத்து தன் கொட்டகையைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய குப்பை வண்டி, ஓடாத ஜீப் முதலியவை அங்கு நிற்கக் கூடும். அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் உரிய வாகனங்கள் 15 ஆண்டுகளைக் கடந்தால் அவற்றின் பதிவு செல்லாது என்னும் மத்திய விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே, வண்டி ஒவ்வொன்றின் பதிவு தேதி, வரி, காப்புறுதி, தகுதிச் சான்று ஆகியவற்றை ஒரே ஏட்டில் எழுதி வைத்தல் அவசியம். கழிக்க வேண்டியவற்றைத் தீர்மானம் நிறைவேற்றி, உரிய முறையில் கழித்துவிட வேண்டும். மக்கள் வரிப் பணம் துருப்பிடிக்கக் கூடாது.

அடுத்ததாக, கிராம சபைக் கூட்டத்தில் கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம். ஊரில் ஓடாமல் நிற்கும் வண்டிகள் எத்தனை என்று எண்ணினாலே பாதி வேலை முடிந்துவிடும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு, படித்த இளைஞர்கள் எழுதிக் கொடுக்கலாம். இடைத்தரகருக்குக் கொடுக்கும் பணம் குடும்பத்துக்கே மிஞ்சும்.

நினைவிற் கொள்க

சில காலம் ஓடாத வண்டிக்கு முன்னறிவிப்பு. விற்ற வண்டிக்குப் பெயர் மாற்றம். இறந்தவர் வண்டிக்கு வாரிசு மனு. அழிந்த வண்டிக்குப் பதிவு ரத்து. இந்நான்கில் நம் வீட்டு வண்டி எதைச் சேர்ந்தது என்று இன்றே பார்த்துக்கொள்வோம். வண்டியை நிறுத்துவதற்குச் சாவியைத் திருப்பினால் போதும்; வரியை நிறுத்துவதற்கு ஒரு மனு வேண்டும். அம்மனுவை அடுத்த காலாண்டு பிறக்கும் முன் எழுதிவிடுவோமாக.