சொந்த இணையதளம்: தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

கடைக்காரர்கள், சங்கங்கள், சிறு பதிப்பகங்கள் எனப் பலரும் டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளம் இருக்கும் இடம்) எல்லாவற்றையும் வெப்சைட் போட்டுத் தருகிறவரிடமே விட்டுவிடுகிறார்கள். தளத்தின் பெயரே அவர் கணக்கில்தான் இருக்கிறது என்பது, அவர் போனை எடுக்காத நாளில்தான் தெரியவரும். மற்ற வேலைகளை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். டொமைனை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: டொமைன் உங்கள் கணக்கில்

டொமைன் பதிந்து தரும் நிறுவனமான ரெஜிஸ்ட்ராரிடம் நீங்களே கணக்குத் தொடங்குங்கள். அதற்குத் தரும் மின்னஞ்சல் அதே டொமைனில் இயங்குவதாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டலும் பாஸ்வேர்ட் மாற்றும் இணைப்பும் உங்களுக்கு வந்து சேராது. தனியாக ஒரு ஜிமெயில் போதும். இரட்டைச் சரிபார்ப்பையும் ஆட்டோ ரின்யூவலையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். முதல் ஆண்டுச் சலுகை விலையில் மயங்காமல், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள்.

ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் இருக்கிறதா? உறவு நன்றாக இருக்கும்போதே ஆத் கோடு (டொமைனை மாற்றிக்கொள்ளத் தேவைப்படும் ரகசியக் குறியீடு) கேட்டு வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 2: ஹோஸ்டிங்

முகவரி, படங்கள், நாலு பக்க விவரம் மட்டும் என்றால் கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்ற இலவசச் சேவையே போதும். கிட்ஹப் பேஜஸும் உண்டு. ஆனால் ஆன்லைன் வியாபாரத்துக்கு அதில் அனுமதியில்லை. வேர்ட்பிரஸ் வேண்டுமென்றால், ஒரே சர்வரைப் பலர் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் தொடங்கலாம். எடுத்த எடுப்பில் விபிஎஸ் (உங்களுக்கென ஒதுக்கும் மெய்நிகர் சர்வர்) வேண்டாம். அதில் சர்வரின் பாதுகாப்பு அப்டேட்டுகள் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். ‘அன்லிமிடெட்’ என்று விளம்பரம் செய்யும் திட்டங்களிலும் கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கலாம். விதிமுறைகளைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 3: டிஎன்எஸ்

டொமைனை சர்வரோடு இணைப்பது டிஎன்எஸ். ஹோஸ்டிங்கை மாற்றப் போகிறீர்கள் என்றால், முந்தின நாளே அதன் டிடிஎல் மதிப்பை (பழைய விவரம் நினைவில் வைக்கப்படும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்து வையுங்கள். 86,400 என்றே விட்டால், சிலருக்கு ஒரு நாள் முழுக்கப் பழைய சர்வரே திறக்கும். டிஎன்எஸ் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றும்போது பலர் மறப்பது, மின்னஞ்சல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு. தளம் அழகாகத் திறக்கும், மின்னஞ்சல் மட்டும் வராது. பழைய ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்ட பிறகே கை வையுங்கள்.

படி 4: எஸ்எஸ்எல்

தளம் https-இல் பாதுகாப்பாகத் திறக்க எஸ்எஸ்எல் சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் சான்றிதழ் இலவசம். ஆண்டுக்கொரு முறை காசு கொடுத்து வாங்கிக் கையால் பொருத்தும் வழக்கம் இனி ஒத்துவராது. 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படும் சான்றிதழுக்கு அதிகபட்ச ஆயுள் 200 நாள். அது 2027 மார்ச்சில் 100 நாளாகவும், 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறைகிறது. சான்றிதழ் தானாகவே புதுப்பிக்கப்படுமா என்று கேட்டுவிட்டு ஹோஸ்டிங்கைத் தேர்ந்தெடுங்கள்.

படி 5: பேக்கப்

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். ஆகவே ஒரு பிரதி உங்கள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும். வேர்ட்பிரஸில் படங்கள் ஒரு ஃபோல்டரில் இருக்கும், கட்டுரைகள் டேட்டாபேஸில் இருக்கும்; ஃபோல்டரை மட்டும் எடுத்து வைத்தால் ஒரு வரிகூடத் திரும்பக் கிடைக்காது. இரண்டையும் எடுத்து, உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு முறை ரீஸ்டோர் செய்து, கட்டுரைகள் திறக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.