வாக்குறுதிக்கு முன் சொல்ல வேண்டிய எல்லை



உதவி நாடி வருபவர் நம்பிச் சொன்னதை அவர் ஒப்புதலின்றிப் பிறர் அறியச் செய்யாமையே சமூகப்பணியில் இரகசியம் காத்தல் எனப்படும். பணியாளருக்கும் உதவி நாடுபவருக்கும் இடையிலான உறவுக்கு ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957-இல் வகுத்த ஏழு கொள்கைகளுள் இதுவும் ஒன்று. உதவி நாடுபவர் தம் வாழ்வைப் பற்றிய முடிவைத் தாமே எடுக்கும் தன்முடிவுரிமை மற்றொன்று. வகுப்பறையில் இசைந்து நிற்கும் இவ்விரண்டும் களத்தில் சட்டத்தின் ஆணையோடு மோதுவதுண்டு.

கர்நாடகத்தின் ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் சாலையில் உள்ள சந்தாபுராவைக் களமாகக் கொள்ளலாம். பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளித் தொழிற்பகுதிகள் சூழ்ந்த இவ்வூரில், மாநில எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தமிழரும் வடமாநிலத்தவரும் ஒட்டி ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். பகலில் பக்கம் பார்த்துப் பேச வேண்டும் என்னும் முதுமொழி இங்கே தொழில்நெறியாகவே ஆகிறது. ஏனெனில், பணியாளர் ஒரு வீட்டுக்கு இருமுறை சென்றாலே அயலார் காரணம் தேடுவர். மொழி தெரியாத நிலையில் பக்கத்து வீட்டாரை மொழிபெயர்க்க அழைத்தால் இரகசியம் அப்போதே கைநழுவிவிடும்.

இத்தகைய குடியிருப்பில், மணமாகிக் கருவுற்ற பதினேழு வயதுப் பெண் ஒருத்தி பணியாளரிடம் தன் உண்மை வயதைச் சொல்வதாகக் கொள்வோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தையே. மனைவியாயினும் அவ்வயதுக்குட்பட்டவரோடு கொள்ளும் பாலுறவு குற்றமே என உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. இத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தவறினால் ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம் என்கிறது 21-ஆம் பிரிவு. ஆனால், தெரிவித்தால் சம்பாதிக்கும் கணவன் சிறை செல்லக்கூடும். அவ்வச்சத்தால் அவள் மருத்துவமனைப் பக்கமே வராமல் போகவும் கூடும். இம்முரணை உச்ச நீதிமன்றமும் உணர்ந்தது: கருக்கலைப்பு நாடும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் வேண்டினால், மருத்துவர் தம் தகவலில் அவள் அடையாளத்தைக் குறிப்பிடத் தேவையில்லை என 2022-இல் தீர்ப்பு வந்தது. எனினும் அச்சலுகை மருத்துவருக்கே உரியது. சமூகப் பணியாளருக்கு அன்று.

ஆகவே, "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று முதலில் உறுதி கூறிப் பின்னர் காவல்நிலையம் செல்பவர் சட்டத்தைக் காத்தாலும் நம்பிக்கையைக் கொன்றவராகிறார். எவை தம்மோடு நிற்கும், எவற்றைச் சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும் என்பதை, அவள் வாய் திறக்குமுன் அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்லிவிடுவதே நெறி. அதைக் கேட்டபின் பேசுவதா வேண்டாமா என்பது அவள் முடிவு. தெரிவிக்க நேர்ந்தால், அடுத்து நடப்பதையும் முன்னரே சொல்ல வேண்டும்: வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ பதியலாம், காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, குழந்தைகள் நலக் குழு அவளுக்குத் துணையாளர் ஒருவரை அமர்த்தலாம். இவற்றை அறியாத பணியாளரின் நல்லெண்ணம் அவளுக்குப் பயன்படாது.

மேற்பார்வையாளரைக் கலந்து, முடிவையும் காரணத்தையும் எழுதி வைப்பதும், தேவையானோர்க்கு மட்டுமே செய்தி சேர்வதைக் கவனிப்பதும் அடுத்த கடமைகள். தகவல் தந்ததோடு பணி முடிந்ததாகக் கருதாமல், மறுவாரப் பரிசோதனைக்கு அவளோடு மருத்துவமனை வரை செல்ல வேண்டியவரும் அதே பணியாளர்தான்.