சாம்பிள் பார்க்காமல் ஆர்டரா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு டி-ஷர்ட் ஆர்டர் உறுதியாவதற்குள் கூரியரில் எத்தனை கவர் போய் வருகிறது என்பது திருப்பூர் மெர்ச்சண்டைசர்களுக்குத்தான் தெரியும். சாயம் பார்க்க லேப் டிப் போகும். சிவப்பு தூக்கலாக இருக்கிறது, கொஞ்சம் டல் பண்ணுங்கள் என்று கமெண்ட் வரும். ஃபிட் சாம்பிள் போகும். தோள்பட்டை அரை சென்டிமீட்டர் கூடுதல் என்று திரும்பும். துணியில் நூறு சதுர சென்டிமீட்டரை வட்டமாக வெட்டித் தராசில் போட்டு, வரும் கிராமை நூறால் பெருக்கி, ஒரு சதுர மீட்டரின் எடையான ஜி.எஸ்.எம். எழுதி அனுப்புவார்கள். வாங்குகிறவர் ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ உட்கார்ந்திருக்கிறார். காகிதத்தில் உள்ள அளவையும் கையில் உள்ள சாம்பிளையும் நம்பித்தான் ஆயிரக்கணக்கான பீஸ் எடுக்கிறார்.

அதே மெர்ச்சண்டைசர் ராத்திரி வீட்டுக்கு வந்து, முப்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு இயர்போனை போனிலேயே ஆர்டர் போடுகிறார். எதை நம்பி? பாஸ் வெல்வெட் மாதிரி இருக்கும், குரல் பக்கத்தில் உட்கார்ந்து பாடும் என்று யாரோ சொன்ன அடைமொழிகளை நம்பி. துணிக்கு இப்படி ஒரு வர்ணனையை மட்டும் அனுப்பி ஆர்டர் கேட்டால் எந்த பையரும் பதில்கூடப் போடமாட்டார்.

காதுக்குள் போகிற பொருள் என்பதால் கடைக்காரர்கள் பிரித்துக் கொடுக்கத் தயங்குகிறார்கள். காதர்பேட்டையில் பனியனை இழுத்துப் பார்த்து வாங்குவதுபோல உயர்விலை இயர்போனை வாங்க முடியாது. போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கோ பெங்களூருக்கோ வண்டி ஏற வேண்டும். பெரும்பாலானோர் ஏறுவதில்லை. அந்த இடைவெளியில்தான் கீழே உள்ள நம்பிக்கைகள் வளர்கின்றன.

நம்பிக்கை: விலை ஏற ஏற ஒலியும் ஏறும்.

ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, 2017-இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் முடிவை வெளியிட்டார். காதுக்குள் செருகும் வகையும் அதில் இருந்தது. எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்க எழுப்புகிறது என்ற அளவுக்கும் விற்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் கட்டுரையின் முடிவு. தலைப்பும் அதையேதான் சொல்கிறது.

விலை வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. கூடுதல் பணம் கூட்டின் உலோகத்துக்கும், கழற்றி மாட்டும் கேபிளுக்கும், இடது வலது இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும்படி பொறுக்கிச் சேர்க்கிற வேலைக்கும், பெயருக்கும் போகிறது. அதில் உங்களுக்கு எது தேவை என்பது வேறு கேள்வி. ஆனால் பத்தாயிரம் ரூபாய்ப் பொருளைவிட ஐம்பதாயிரம் ரூபாய்ப் பொருள் உங்களுக்குப் பிடிக்கும் என்று விலைச்சீட்டை வைத்து மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நம்பிக்கை: உள்ளே ஒலி எழுப்பும் ட்ரைவர் எத்தனை இருக்கிறதோ அவ்வளவு துல்லியம்.

ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் மனசு இளகத்தான் செய்யும். எட்டிமோட்டிக் என்ற அமெரிக்க நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த இ.ஆர்.4 மாடலில் பக்கத்துக்கு ஒன்றே ஒன்றுதான். அதுவும் காது கேட்கும் கருவிகளில் பயன்படும் வகையைச் சேர்ந்த சின்ன ட்ரைவர். அந்த வரிசையை இன்றும் மதித்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ட்ரைவர் கூடக்கூட அவற்றுக்கிடையே ஒலியைப் பங்கு பிரிக்கும் வேலையும் கூடும். நன்றாகப் பிரித்தால் நல்லது. பிரிக்கத் தெரியாதவர் கையில் பன்னிரண்டும் பன்னிரண்டு பக்கம் இழுக்கும்.

நம்பிக்கை: கிராஃப் இருந்தால் போதும், காதே வேண்டாம். இதற்கு நேர் எதிரான நம்பிக்கையும் உண்டு: கிராஃப் எல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

இரண்டுமே தவறு. கேட்காமல் வாங்குகிறவருக்கு இதைவிட முக்கியமான இடம் இல்லை என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கிராஃப் என்பது கீழ் அதிர்வெண்ணிலிருந்து மேல் அதிர்வெண்வரை இயர்போன் எங்கே உரக்க, எங்கே மெதுவாக ஒலிக்கிறது என்று வரைந்த கோடு. அதை எடுக்கச் செயற்கைக் காதாக ஒரு சின்ன உலோகக் குழலைப் பயன்படுத்துகிறார்கள். ஐ.இ.சி. 60318-4 என்ற தரநிலைப்படி செய்த குழல் அது. பேச்சில் 711 என்பார்கள். அந்தத் தரநிலை பொறுப்பேற்பது 10,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கும் முன்பே ஒரு சிக்கல் ஆரம்பிக்கிறது. இயர்போனைச் செருகியபின் அதன் முனைக்கும் செவிப்பறைக்கும் நடுவே கொஞ்சம் காற்று அடைபட்டு நிற்கிறது. அந்தக் காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானும் சேர்ந்து அதிரும். கிராஃபில் அங்கே ஒரு மேடு எழும். அளக்கிறவர்கள் வழக்கமாக அந்த மேடு 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் விழும்படி செருகி வைத்து அளக்கிறார்கள். உங்கள் காதில் ஆழமாகப் போனால் மேடு மேலே நகரும், வாசலிலேயே நின்றுவிட்டால் கீழே இறங்கும். ஒருவருக்கு இதமாக இருக்கும் அதே இயர்போனில் இன்னொருவருக்கு 'ஸ', 'ஷ' எல்லாம் ஊசிமாதிரி குத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே பாஸிலிருந்து சுமார் 5,000, 6,000 ஹெர்ட்ஸ் வரை கிராஃபை நம்பலாம். பறையின் அடி, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், ஜானகி குரலின் உடல் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 8,000-க்கு மேல் கோடு போவது அளக்கிறவர்களுடைய குழலில். உங்கள் காதில் வேறு. இரண்டு இயர்போனை ஒப்பிடுவதானால் ஒரே ஆள் ஒரே கருவியில் எடுத்த கிராஃபாக இருக்க வேண்டும். ஷேடு பார்க்கும் பெட்டியில் ஒன்றை டி65 விளக்கிலும் இன்னொன்றை டி.எல்.84 விளக்கிலும் வைத்துப் பார்த்து யாரும் ஓகே சொல்வதில்லையே.

ஹார்மன் கோடு என்று ஒன்றையும் கிராஃபில் சேர்த்துப் போடுவார்கள். ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் ஹார்மன் நிறுவனத்தில் பலரைக் கேட்கவைத்துச் சோதித்து வகுத்த கோடு அது. பெரும்பாலானோருக்கு எது பிடிக்கும் என்பதற்கான சராசரி. சராசரி அளவுக்குத் தைத்த மீடியம் சைஸ் எல்லாருக்கும் பொருந்தாது. குறிப்பாக அதிலுள்ள பாஸ் அளவு கர்நாடகக் கச்சேரி கேட்பவருக்குக் கூடுதலாகப் படலாம்.

அப்படியானால் உங்கள் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஒரு ஸ்டாண்டர்டு வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் சுற்றுவட்டாரத்தில் மூன்ட்ராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் ஸீரோ போல நன்றாக அளக்கப்பட்ட மாடல்கள் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கிச் சில வாரம் தினமும் கேளுங்கள். பழகிய பாட்டாக இருக்க வேண்டும்: இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' உங்களுக்கு மனப்பாடம் என்றால் அதுவே போதும். பிறகு போனில் உள்ள ஈக்குவலைசரைத் திறந்து பாஸை 3 டெசிபெல் ஏற்றுங்கள், இறக்குங்கள். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். எங்கே நிறுத்தினால் கை அதற்கப்புறம் போகவில்லையோ அதுதான் உங்கள் கமெண்ட்: இதைவிட பாஸ் இவ்வளவு கூட, குரல் இவ்வளவு பின்னே. அதைச் சீட்டில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு விலை உயர்ந்த மாடல்களின் கிராஃபைத் தேடினால் முக்கால்வாசி தானே கழிந்துவிடும். சிலருக்கு இந்தக் கட்டத்தில் இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளே போதும் என்று தோன்றிவிடும்; அதுவும் ஒரு முடிவுதான்.

நம்பிக்கை: ரப்பர் முனை சின்ன விஷயம், பெட்டியில் வந்ததைப் போட்டுக்கொள்ளலாம்.

காதை முழுசாக அடைக்காத முனையைப் போட்டால் பாஸ் ஒழுகிப் போய்விடும். கூடை நிறையக் காசு கொட்டி வாங்கியிருந்தாலும் அதே கதைதான். பாஸே இல்லை என்று திட்டித் திருப்பி அனுப்பப்படும் இயர்போன்களில் பல இந்த ஒழுகலுக்கு ஆளானவை. சோதனை எளிது. பாஸ் நிறைந்த பாட்டை ஓடவிட்டு இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பாஸ் திடீரென்று கூடினால், விரலை எடுத்த நிலையில் அடைப்பு சரியில்லை. இரண்டு காதும் ஒரே அளவு இல்லாதவர்கள் நிறையப் பேர். இடப்பக்கம் மீடியம், வலப்பக்கம் லார்ஜ் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியது ரப்பர் முனை மாட்டும் குழாயின் விட்டம். 5 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலான காதுகளுக்கு நிம்மதி. 6-ஐத் தாண்டினால், சின்ன காதுக்காரர்களுக்கு அரைமணி நேரத்தில் வலி வரலாம். பல ட்ரைவர் உள்ள பெரிய கூடுகளில் இந்தக் குழாய் தடிப்பாக இருப்பது வழக்கம். ஏற்கெனவே சுகமாக இருக்கும் பழைய இயர்போனை வெர்னியரில் அளந்து வைத்துக்கொண்டு, புதியதன் விட்டத்தைக் கடையில் கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் நான் வாங்கமாட்டேன்.

நம்பிக்கை: 40,000 ஹெர்ட்ஸ் வரை போகிறது என்றால் உசத்தி.

மனிதக் காது கேட்பது 20,000 வரை, அதுவும் சின்ன வயதில். பொன்னிற ஹை-ரெஸ் முத்திரைக்கு 40,000 ஒரு நிபந்தனை, அவ்வளவுதான்.

நம்பிக்கை: கேபிளை மாற்றினால் ஒலி மாறும்.

பெரும்பாலும் மாறாது. ஒரு விதிவிலக்கு உண்டு: பல ட்ரைவர் உள்ள சில மாடல்களில் மின்தடை அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் ஏறி இறங்கும். அவற்றில் தடை கூடிய கேபிளையோ ஆம்பையோ சேர்த்தால் ஒலியின் சமநிலை உண்மையிலேயே நகரும். வெள்ளிக்கும் தாமிரத்துக்கும் இதில் பங்கில்லை, ஓம் கணக்குதான். அறுந்த கேபிளை மாற்றுங்கள், இனிமை தேடி மாற்றாதீர்கள்.

நம்பிக்கை: நூறு மணிநேரம் ஓடினால்தான் உண்மையான ஒலி வரும். பிடிக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது ரிட்டர்ன்.

இந்த இரண்டும் சேர்ந்தால் கையைக் கடிக்கும். இயர்போன் பழகுவதைவிட நம் காதும் மூளையும்தான் அதற்குப் பழகுகின்றன. அளந்து பார்த்தால் ட்ரைவரில் தெரியும் மாற்றம் மிகச் சின்னது. நூறு மணிநேரம் என்பது தினம் இரண்டு மணி வீதம் ஐம்பது நாள். அதற்குள் திருப்பித் தரும் கெடு முடிந்திருக்கும். முதல் நாளில் ஒலி காதில் குத்தினால் முனையை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் குத்தினால் அன்றே திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் பழுதாக இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் அதில் இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. எனக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. அது விற்பவர் எழுதிவைத்த ரிட்டர்ன் விதியைப் பொறுத்தது. பிரித்த இயர்போனை ஏற்பார்களா, எத்தனை நாளுக்குள், பணமாகத் தருவார்களா, கடை கணக்கில் வரவு வைப்பார்களா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காது அச்செடுத்துச் செய்யும் கஸ்டம் வகையைப் பிடிக்கவில்லை என்று திருப்புவது பெரும்பாலும் நடக்காது. வேறொருவருக்கு விற்பதும் கடினம்.

நம்பிக்கை: தறிச் சத்தத்தில் வேலை பார்ப்பவர் நல்ல இயர்போன் போட்டால் காதுக்குப் பாதுகாப்பு.

பல்லடம், சோமனூர் பக்கம் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். விசைத்தறிக் கூடத்தில் 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். நன்றாக அடைக்கும் இயர்போன் வெளிச்சத்தத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் பாட்டைப் போட்டதும் தறியை மீறிக் கேட்கச் சத்தத்தைக் கூட்டுகிறோம். குறைத்தது அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணிநேரம்தான். தறிக்கூடத்துக்கு வேண்டியது பாட்டில்லாத இயர்ப்ளக்.

பல ஆண்டு தறிப் பக்கம் நின்றவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் சுற்றில் கேட்கும் திறன் முதலில் தேயும். அவர்கள் உயர்விலை இயர்போனுக்குப் பணம் ஒதுக்கும் முன் காது மருத்துவரிடம் ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது. அதுவும் ஒரு கிராஃப்தான்; இடது காதுக்கு ஒரு கோடு, வலது காதுக்கு ஒரு கோடு. அந்தக் கோடு எங்கே பள்ளம் விழுகிறதோ அந்த இடத்தில், மற்றவர்கள் கூர்மை என்று குறை சொல்லும் மாடல் உங்களுக்கு அளவாகவே கேட்கக்கூடும்.