அரை மணியில் கடலைத் தாண்டும் விமானம்!

அட்லஸைத் திறந்து மத்தியதரைக் கடலைப் பாருங்கள். வடகரையில் பிரான்சின் துறைமுக நகரம் மார்சேய். எதிரே தென்கரையில் அல்ஜீரியாவின் தலைநகர் அல்ஜியர்ஸ். நடுவில் எவ்வளவு தூரம்? பறக்க எவ்வளவு நேரம்? நம்ம வகுப்புக் கணக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம், வாங்க.

தூரம்: மார்சேய் இருப்பது வடக்கு 43.3 டிகிரி, அல்ஜியர்ஸ் 36.8 டிகிரி. வித்தியாசம் 6.5. ஒரு டிகிரி அட்சத்துக்கு 111 கி.மீ. என்றால் 722 கி.மீ. வருகிறது. தீர்க்கரேகையில் வித்தியாசம் 2.3 டிகிரிதான். அந்தப் பகுதியில் ஒரு டிகிரி சுமார் 85 கி.மீ. ஆக 196 கி.மீ. இப்போது பிதாகரஸ் தேற்றத்தைப் போடுங்கள். கர்ணம் சுமார் 750 கி.மீ.! பூமி உருண்டைதான், ஆனால் இந்தச் சின்ன தூரத்துக்கு இந்தக் கணக்கு போதும்.

நேரம்: விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போனால் 56 நிமிடம் ஆகும். ஆனால் ஓடுபாதைக்கு உருண்டு போகணும், மேலே ஏறணும், மெதுவாக இறங்கணும். அதனால் பயணத்துக்கு சுமார் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போதுதான் வேடிக்கை. ஜூலை மாதம் மார்சேயில் காலை 10.00க்குக் கிளம்பும் விமானம், அல்ஜியர்ஸ் கடிகாரப்படி 10.30க்கே இறங்கிவிடும்! அரை மணியில் 750 கி.மீ. என்றால் வேகம் 1500 கி.மீ. அது ஒலியை விட அதிகம். பயணிகளை ஏற்றிக்கொண்டு அப்படிப் பறந்த கான்கார்டு விமானமும் 2003லேயே நிறுத்தப்பட்டு விட்டது. அப்போ தப்பு எங்கே?

கடிகாரத்தில்! பிரான்சில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறார்கள். அல்ஜீரியாவில் அந்தப் பழக்கம் இல்லை. சூரியனைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 9 நிமிடம்தான் (2.3 × 4). மீதி எல்லாம் அரசாங்கம் போட்ட சட்டம். நம்ம நாடு முழுக்க ஒரே நேரம் என்பதால் இந்தச் சிக்கல் நமக்குப் புதுசு.

திரும்பும்போது என்ன ஆகும்? அல்ஜியர்ஸில் 11.30க்குக் கிளம்பினால் மார்சேய் கடிகாரத்தில் மதியம் 2.00. “ஒன்றரை மணி நேரம்தானே, 1.00க்குப் போயிடலாம்” என்று நினைத்து மார்சேயில் 1.30 ரயிலுக்கு டிக்கெட் எடுத்தவர் பாடு திண்டாட்டம்தான்!

எனவே விதி இதுதான்: கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் முதலில் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றுங்கள். பிறகு கழியுங்கள். ஜூலையில் மார்சேய் 10.00 என்பது கிரீன்விச் 8.00 (2 மணி கழிக்க). அல்ஜியர்ஸ் 10.30 என்பது கிரீன்விச் 9.30 (1 மணி கழிக்க). பயணம் ஒன்றரை மணி. சரியா வந்திடுச்சா?

உங்களுக்கு ஒரு கேள்வி: அதே விமானம் ஜனவரியில் மார்சேயில் 10.00க்குக் கிளம்பினால், அல்ஜியர்ஸில் இறங்கும்போது அங்கே மணி என்ன?

(விடை: 11.30. குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்!)