சந்திரகாந்தக் கல்லை அறிந்து வாங்குதல்

இலங்கையின் காலி மாவட்டத்தில், அம்பலாங்கொடைக்கு அருகே மீட்டியாகொட என்னும் சிற்றூரில், பூமியில் குழிதோண்டி எடுக்கப்படும் சந்திரகாந்தக் கற்களை வாங்கியும் பதித்துக் கொடுத்தும் நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், இக்கல்லின்மீது பிரியம் கொண்டவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன். நம் காங்கயம் பக்கத்திலும் இவ்வினத்துக் கற்கள் உண்டென்றாலும், மீட்டியாகொட கல்லின் உயர்ந்த நீலத்தில் என் மனம் ஈடுபட்டதுபோல் வேறெதிலும் ஈடுபட்டதில்லை.

பெல்ட்ஸ்பார் என்னும் கனிம வர்க்கத்தைச் சேர்ந்த இக்கல்லில், பொட்டாசியம் மிகுந்த பகுதியும் சோடியம் மிகுந்த பகுதியும் ஆதியில் ஒன்றாய்க் கலந்திருந்து, உஷ்ணம் தணியத் தணியப் பிரிந்து, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய அடுக்குகளாக மாறிமாறிப் படிந்துவிடுகின்றன. அவ்வடுக்குகளில் ஒளி சிதறுவதால்தான் கல்லுக்குள்ளே நிலவு மிதப்பதுபோன்ற பிரகாசம் தோன்றுகிறது. அடுக்குகள் மிக மெல்லியவையானால் நீலமும், தடித்தவையானால் வெண்மையும் மேலோங்கும்.

ஆகவே, பல விளக்குகள் எரியும் இடத்தில் கல்லைப் பார்த்து முடிவு செய்யலாகாது. கறுப்புத் துணியின்மேல் வைத்து, மேலே ஒரே விளக்கை ஏற்றி, கல்லை விரல்நுனியால் மெல்லத் திருப்ப வேண்டும். பட்டை தீட்டாமல், மேற்புறம் குவிந்தும் அடிப்புறம் தட்டையாகவும் இழைக்கப்படும் இக்கல்லில், அடிப்புறம் அந்த அடுக்குகளுக்கு இணையாக அமைந்திருந்தால் ஒளி குவிந்த முகட்டின் நடுவில் வந்து நிற்கும்; சாய்ந்திருந்தாலோ ஓரத்தில் ஒதுங்கிவிடும். எடை குறைந்துவிடுமே என்று சாய்வாக இழைத்த பெரிய கல்லைவிட, நடுவில் ஒளி நிற்கும் சிறிய கல்லே மேலானது என்பது என் திடமான அபிப்பிராயம். கண்ணாடியால் செய்த போலியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பெரும்பாலும் இளமஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ தெரியும். உள்ளே காற்றுக்குமிழிகளும் இருக்கக்கூடும். உருப்பெருக்கியில் பூரானைப்போலக் கால்கள் கிளைத்த நுண்ணிய கீற்றுகள் தென்பட்டால் வருந்த வேண்டாம்; அது இயற்கைக் கல்லென்பதற்கு அவை நல்ல சாட்சி. ‘ரெயின்போ மூன்ஸ்டோன்’ என்று பல வர்ணங்கள் காட்டி விற்கப்படுவது, பெரும்பாலும் இதன் உறவினமான லாப்ரடோரைட்டின் வெண்ணிற வகையே. அதுவும் அழகுதான்; ஆனால் அதன் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலைக்கே விற்பதுதான் நியாயம்.

இக்கல்லின் கடினம் 6 முதல் 6.5 வரையே; தெருப்புழுதியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலின் கடினமோ 7. ஆதலால் தூசி படிந்த கல்லை உலர்ந்த துணியால் துடைக்காமல், முதலில் நீரில் அலசுவது உத்தமம். ஏறத்தாழச் செங்கோணத்தில் அமைந்த இரு திசைகளில் எளிதில் பிளக்கும் சுபாவமும் இதற்குண்டு. எந்நேரமும் கைவேலை செய்பவர்கள் மோதிரத்தில் பதிப்பதைவிடத் தோட்டிலோ பதக்கத்திலோ பதித்து அணியலாம். அல்ட்ராசோனிக் இயந்திரமும் நீராவியும் கூடா; வெதுவெதுப்பான சோப்பு நீரும் மிருதுவான தூரிகையும் போதும். நகையைப் பற்றவைக்க நேர்ந்தால், நெருப்பைக் காட்டுமுன் கல்லைக் கழற்றிவிடும்படி ஆசாரியிடம் நாமே சொல்லிவிட வேண்டும்.