காற்றை எதிர்த்துப் படகைத் திருப்ப

சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்குள், 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் பாய்மரப் படகுகள் இன்றும் ஓடுகின்றன. பிள்ளைகள் முதலில் ஏறுவது ஆப்டிமிஸ்ட்: 2.3 மீட்டர் நீளம், ஒரே பாய், 15 வயது வரை. நேராக ஓட்டுவது சீக்கிரம் கைவந்துவிடும். சிக்கலெல்லாம் திருப்பத்தில்தான்.

காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது. சுமார் 45 டிகிரி விலகி, இடமும் வலமுமாக மாறிமாறித்தான் முன்னேற வேண்டும். அப்படி மாறும் திருப்பத்துக்கு டேக் என்று பெயர்.

முதலில் வேகம் வேண்டும். ஊர்ந்துகொண்டிருக்கும் படகைத் திருப்பாதீர்கள். கயிற்றை இழுத்துப் பாயை இறுக்குங்கள். காற்று வரும் பக்க விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை வெளியே சாய்த்துப் படகைச் சமமாக வையுங்கள். திரும்பப்போகும் பக்கம் வேறு படகு வருகிறதா என்று பாருங்கள்.

இப்போது சுக்கானின் கைப்பிடியை உங்களிடமிருந்து அப்பால் தள்ளுங்கள். நிதானமாக! வெடுக்கென்று தள்ளினால் சுக்கான் தண்ணீருக்குக் குறுக்கே நின்று வேகத்தைத் தின்றுவிடும். புதியவர்களின் திருப்பம் பாதியில் நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம். பாய் படபடக்கும், அதன் அடிக்கம்பு தலைக்கு மேலே கடக்கும். குனியுங்கள், முன்னோக்கிப் பார்த்தபடியே எதிர்ப்பக்கம் மாறி உட்காருங்கள். கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகே கை மாற்றுங்கள்.

காற்றுக்கு நேரே மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். கைப்பிடியையும் அடிக்கம்பையும் ஒரே பக்கம் அப்பால் தள்ளுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து முகம் திரும்பும். பிறகு கைப்பிடியை நடுவுக்கு இழுத்து, கயிற்றையும் இழுத்தால் ஓட்டம் பிடிக்கும்.

பழக ஏற்றது ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல் கடற்காற்று. கட்டி நிற்கும் கப்பல்களின் மறைவில் காற்று செத்துவிடும். அங்கே திருப்பிப் பழகாதீர்கள். உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் ஏறவே கூடாது. கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாமல் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாய்மரப் படகுப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண், சென்னையின் நேத்ரா குமணன். அது நடந்தது 2021இல். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் காற்றைப் பார்த்தே வளரும் பிள்ளைகள் எத்தனையோ பேர். வடசென்னைப் பள்ளிகள் துறைமுக நுழைவு அனுமதியை முன்கூட்டியே வாங்கி, அவர்களையும் இந்தப் படகுகளில் ஏற்ற வேண்டும்.